பொதியில் முதல் கைப்பேசி வரை



தொலைவூர்களுக்குச் சென்று பெரிய விடுதிகளில் தங்கியவர்கள், உணவுக்கூடத்துக்கு அப்பால் சிறியதோர் அறை இருப்பதைக் கண்டிருக்கலாம். ஒரு கேரம் பலகை, மேசைப்பந்து ஆடுவதற்குரிய மேசை ஒன்று, காசோ அட்டையோ இட்டால் இயங்கும் வீடியோ விளையாட்டுப் பெட்டிகள் இரண்டு மூன்று. பெரும்பாலும் இவையே அவ்வறையின் செல்வம். ஒரு காலத்தில் விடுமுறை வந்துவிட்டால் அங்கே குழந்தைகளின் ஆரவாரம் காதை அடைக்கும். இன்றோ பல விடுதிகளில் அந்த அறை ஆளின்றிக் கிடக்கிறது. சிறியோரும் பெரியோரும் அவரவர் கட்டிலில் சாய்ந்தபடி, அவரவர் கைப்பேசியில், அவரவர் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

கைக்குள் ஆயிரம் விளையாட்டுகள் அடங்கிவிட்ட பிறகு, விடுதிக்குத் தனியாக ஒரு விளையாட்டுக்கூடம் எதற்கு என்று கேட்பது இயல்பே. கணக்குப் பார்க்கும் முதலாளிக்கு இது இடவாடகையைப் பற்றிய கேள்வி. வரலாற்றை நோக்குகிறவனுக்கோ இதில் வேறொரு கேள்வியும் தென்படுகிறது. வழிப்போக்கர் தங்கும் இடமும், பலர் கூடி ஆடும் இடமும் நம் நாட்டில் மிகப் பழங்காலத்திலேயே ஒரு கூரையின்கீழ் இருந்திருக்கின்றன. அவ்விடம் மனிதருக்குச் செய்துவந்த உதவி யாது, அது மறையும்போது நேர்வது யாது என்பதைச் சிறிது ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

சங்க நூல்களில் பொதியில் என்றொரு சொல் வருகிறது. பொது இல், அதாவது ஊர்ப் பொதுவான மனை என்பது அதன் பொருள். அங்கே தெய்வம் உறையும் தூண் ஒன்று நாட்டப்பட்டிருக்கும்; மாலையில் விளக்கேற்றி ஊரார் வழிபடுவர். ஊருக்குப் புதியவராக வருவோர் அங்கேயே தங்குவர் என்று பட்டினப்பாலை கூறுகிறது. அதே பொதியிலில்தான் ஊரின் நரைத்த முதியவர்கள் அமர்ந்து வல் என்னும் ஆட்டம் ஆடினார்கள். ஆடுகாய்க்கு அக்காலத்தில் நாய் என்று பெயர். நாய்களை வைத்து எடுத்து, வைத்து எடுத்துத் தரையே குழிந்து போயிருந்ததாம். கோயில், சத்திரம், விளையாட்டுக்கூடம் ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருந்தன என்று இதனால் அறிகிறோம்.

இச்செய்தியை நமக்குத் தருவது புறநானூற்றின் 52ஆம் பாட்டு. மருதன் இளநாகனார் ஒரு பாண்டியனைப் பாடியது அது. மன்னனின் வலிமையைச் சொல்ல வந்த புலவர், அவனைப் பகைத்தவர்களின் நாடு பாழான விதத்தைச் சொல்கிறார். அதற்கு அவர் எரிந்த அரண்மனையையோ இடிந்த மதிலையோ காட்டவில்லை. பொதியிலைக் காட்டுகிறார். வழிபாடு நின்றுவிட்டது, முதியவர் ஆடிய குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. அகநானூற்றின் 377ஆம் பாட்டும் இதே போன்ற காட்சியொன்றைத் தருகிறது. அங்கே முதியோர் தலை கவிழ்ந்து கவலையோடு ஆடிய ஆட்டப்பலகையைக் கறையான் அரித்திருக்கிறது.

இரு புலவர்களுக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருப்பது சிந்திக்கத் தக்கது. ஓர் ஊர் அழிந்தது என்பதற்கு ஆளற்ற ஆட்டக்களத்தை அவர்கள் அடையாளமாகக் கொண்டார்கள். ஆட்டம் பயனற்ற பொழுதுபோக்கு என்று கருதியிருந்தால் அதனை அவ்விடத்தில் வைத்திருக்கமாட்டார்கள். கீழடி அகழாய்வில் சுடுமண்ணாலான ஆட்டக்காய்களும் தாயக்கட்டையும் வட்டச் சில்லுகளும் கிடைத்திருப்பது, பாட்டில் கண்ட இவ்வழக்கம் வெறும் கற்பனையன்று என்பதற்குச் சான்று. பிற்காலத்தில் கோயில் மண்டபங்களின் தளக்கல்லில் ஆடு புலி ஆட்டத்துக்குரிய கோடுகளைச் செதுக்கி வைத்தவர்களும் இம்மரபைச் சேர்ந்தவர்களே. மதுரை, காஞ்சி முதலிய ஊர்களுக்குச் செல்லும் நேயர்கள் பழைய மண்டபங்களில் தரையை நோக்கி நடந்தால் அவற்றை இன்றும் காணலாம்.

ஆயினும் நம் முன்னோர் ஆட்டத்தின் மறுபக்கத்தை அறியாதவர்கள் அல்லர். திருவள்ளுவர் சூது என்று ஓர் அதிகாரமே வகுத்தார். திருக்குறளில் அது 94ஆவது. சூதாடும் இடத்துக்கு அவர் வழங்கும் பெயர் கழகம் என்பது. பின்னாளில் கற்றோர் அவைக்கும் அரசியல் அமைப்புக்கும் பல்கலைக்கும் பெயராகிவிட்ட இச்சொல், குறளில் பொருளையும் பண்பையும் இழக்கும் களத்தைக் குறித்து நிற்கிறது. பொதியிலும் பொது இடம். கழகமும் பொது இடம். பலர் கூடும் இடம் என்பதாலேயே ஓர் ஆட்டக்களம் நல்லதாகிவிடாது என்பதை இங்கே நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தில்லியில் வாழும் நமக்கு இதனை நினைவூட்ட நூல் வேண்டுவதில்லை. மதுரா சாலை வழியே பேருந்தில் போனாலே போதும். பழைய கோட்டை என்று வழங்கும் புராணா கிலா நிற்கும் மேட்டையே பாண்டவரின் இந்திரப்பிரத்தம் என்று மரபு சொல்கிறது. அந்த நகரைத் தருமன் இழந்தது அத்தினாபுரத்துச் சபையில், பலர் காண ஆடிய சூதாட்டத்தில். பீஷ்மரும் துரோணரும் அங்கிருந்தார்கள். கண்டார்கள், ஆயினும் தடுத்து நிறுத்தவில்லை. பாரதியார் பாஞ்சாலி சபதத்தில் கொதித்தெழுவது சகுனியின் வஞ்சகத்தைக் கண்டு மட்டுமன்று, அச்சபையின் மௌனத்தைக் கண்டும்தான். ஆகவே பொது இடம் ஒன்று ஆடுபவனைக் காக்க வேண்டுமாயின், அங்கே பார்ப்பவர் இருந்தால் மட்டும் போதாது. போதும் என்று சொல்லும் உரிமையும் துணிவும் உடையவர் இருக்க வேண்டும். இவ்வளவுகோலை மனத்திற்கொண்டு பிற்கால வரலாற்றுக்கு வருவோம்.

முகலாயர் காலத்தில் ஆட்டத்தை ஆட்சிக்கலையின் பகுதியாகவே கருதிய மன்னர் அக்பர். அவருடைய அமைச்சர் அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியில், சௌபட் என்னும் சொக்கட்டான் ஆட்டத்தைப் பற்றியும் சீட்டாட்டத்தைப் பற்றியும் விரிவான செய்திகள் உள்ளன. சில வேளை 200க்கு மேற்பட்டோர் சொக்கட்டானில் பங்கு கொண்டார்களாம். 16 ஆட்டங்கள் முடியாமல் எவரும் வீடு திரும்பக் கூடாது என்பது விதி. சிலருக்கு இது 3 மாதம்வரை நீண்டதுண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் விளையாட்டு. மன்னரோ இதனைக் கொண்டு மனிதரின் தன்மையை எடைபோட்டார், நல்லிணக்கத்தையும் கற்பித்தார் என்பது அபுல் ஃபசலின் கருத்து. தோற்கும்போது ஒருவன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதைக் காண, அவன் எதிரே அமர்ந்திருக்க வேண்டும். ஃபதேபூர் சிக்ரியின் முற்றத்தில் கல்லில் பதித்த பச்சீசிக் கட்டங்கள் இன்றும் உள்ளன.

வழிப்போக்கர் விடுதி என்ற வகையிலும் தில்லிக்குத் தனிச் சிறப்பு உண்டு. ஷாஜகானின் மகள் ஜகனாரா பேகம் சாந்தினி சௌக்கில் கட்டுவித்த சராய், 17ஆம் நூற்றாண்டில் புகழ் பெற்றிருந்தது. பிரெஞ்சு மருத்துவரான பெர்னியர் அதனை 1663ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் வியந்து எழுதினார். பாரசீகத்திலிருந்தும் உஸ்பெக் நாட்டிலிருந்தும் வந்த செல்வ வணிகர்கள் அங்கே தங்கினார்கள். இரவில் வாயிற்கதவை அடைத்துவிடுவதால் அவர்கள் அச்சமின்றி இருந்தார்கள். பாரிஸ் நகரில் இத்தகைய சராய்கள் இருந்தால், அந்நகருக்குப் புதிதாக வருவோர் இவ்வளவு இடர்ப்படமாட்டார்களே என்று அவர் ஏங்கினார். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் அந்தச் சராய் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் எழுந்ததே சாந்தினி சௌக் நகர மண்டபம்.

சராய்கள் மறைந்தன; பெயர்கள் மறையவில்லை. பேர் சராய், ஜியா சராய், கட்வாரியா சராய், யூசுப் சராய், சராய் ரோகில்லா, சராய் காலே கான் என்று தலைநகர் எங்கும் அப்பெயர்கள் விரவிக் கிடக்கின்றன. நம் ஊர்களிலிருந்து தேர்வுகளுக்குப் படிக்க வரும் இளைஞர்கள் பலர், இன்று பேர் சராயிலும் ஜியா சராயிலும் சிற்றறைகளை வாடகைக்கு எடுத்துத் தங்குகிறார்கள். பெயரளவில் அவர்களும் சராயில் தங்கும் வழிப்போக்கர்களே. ஆனால் இரவில் அடைக்கப்படும் பொதுக்கதவு அவர்களுக்கு இல்லை. பலர் கூடும் பொது முற்றமும் இல்லை. இந்நிலையைப் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஆட்டக்களம் இரண்டாகப் பிரிந்தது. மேட்டுக்குடியினருக்குக் கிளப்புகள் தோன்றின. தில்லி ஜிம்கானா கிளப் 1913இல் நிறுவப்பட்டது. இத்தகைய ஆங்கிலக் கிளப்புகள் பலவற்றின் கதவு இந்தியருக்கு வெகுகாலம் திறக்கவில்லை. எனினும் உலகம் முழுவதும் இன்று ஆடும் ஓர் ஆட்டம் அவற்றில் பிறந்தது. ஸ்னூக்கர் என்னும் அந்த ஆட்டத்தை 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் படை அதிகாரி உருவாக்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரானவர் வேறு, இவர் வேறு. அதன் விதிகள் 1882இல் எழுத்துருப் பெற்றது நம் உதகமண்டலத்துக் கிளப்பில். மழையும் பனியும் பெய்யும் மலையூரில், வெளியே போக வழியற்ற மனிதர்கள் ஒரு மேசையைச் சுற்றி நின்றதன் பயன் அது.

எளியோர் கூடி ஆடிய இடங்களோ சட்டத்தின் பிடியில் அகப்பட்டன. 1867ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டம், பொதுச் சூதாட்ட மனை என்ற ஒன்றை வரையறுத்து அதனை நடத்துவோரையும் அங்கே காணப்படுவோரையும் தண்டித்தது. சென்னை மாகாணத்தில் 1930ஆம் ஆண்டுச் சட்டமும், தில்லியில் 1955ஆம் ஆண்டுச் சட்டமும் இதே நெறியில் எழுந்தவை. இச்சட்டங்களைப் படிக்கும் மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு செய்தி புலனாகும். ஆங்கிலத்தில் கேமிங் என்ற ஒரே சொல் விளையாட்டையும் குறிக்கும், சூதையும் குறிக்கும். தமிழில் விளையாட்டு வேறு, சூது வேறு. ஆங்கிலச் சட்டம் பிரிக்க வேண்டியிருந்ததை நம் மொழி முன்னமே பிரித்து வைத்துவிட்டது. எனவேதான் 1867ஆம் ஆண்டுச் சட்டம், திறமை ஒன்றினாலேயே வெல்லும் ஆட்டங்களுக்கு இது பொருந்தாது என்று தனியே விலக்குக் கூற வேண்டியதாயிற்று.

அத்தகைய விலக்கின் எல்லை எது என்ற வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியவர்கள் பற்றிய வழக்கு அது. சீட்டு விழுவது வாய்ப்பாயினும், விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்துச் சேர்ப்பதும் விடுவதும் திறமை. ஆதலின் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று நீதிமன்றம் கூறியது. நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ரம்மியைக் கண்முன் வைத்துச் சொல்லப்பட்ட இக்கருத்தே, அரை நூற்றாண்டுக்குப் பின் கைப்பேசியில் முன்பின் அறியாதவர்களோடு பணம் வைத்து ஆடும் ரம்மிக்கும் கேடயமாயிற்று. ஆட்டம் ஒன்றே என்று வழக்குரைத்தார்கள். ஆடும் இடம் மாறிவிட்டதே என்ற கேள்வி பின்னால்தான் எழுந்தது.

இனி இயந்திரங்களின் கதைக்கு வருவோம். வீடியோ விளையாட்டுப் பெட்டி பணம் ஈட்டிக் காட்டியதும் பலர் கூடும் ஓர் இடத்தில்தான். 1972இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சன்னிவேல் என்னும் ஊரின் மதுக்கடை ஒன்றில் அடாரி நிறுவனத்தார் பாங் என்ற விளையாட்டின் மாதிரிப் பெட்டியை வைத்தார்கள். சில நாட்களில் அது நின்றுவிட்டது. பழுது பார்க்கச் சென்றவர் திறந்து பார்த்தால், உள்ளே காசு நிரம்பி வழிந்து இயந்திரம் அடைத்துக்கொண்டிருந்தது. 1978இல் ஜப்பானில் தோன்றிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் அந்நாட்டின் காப்பிக் கடை மேசைகளிலேயே இடம் பிடித்தது. வெந்நீரூற்றுகளை நாடி மக்கள் செல்லும் ஜப்பானிய விடுதிகளில், நீராடியபின் குடும்பத்தோடு ஆடுவதற்கென்று விளையாட்டு மூலை ஒன்று அமைப்பது வழக்கமாயிற்று.

அரசாங்கங்கள் இவற்றை ஐயக்கண் கொண்டே நோக்கின. நியூயார்க் நகரில் பின்பால் என்னும் குண்டு உருட்டும் பெட்டியைச் சூது என்று கருதி 1942இல் தடை செய்தார்கள். 1976இல் நகரசபையார் முன்னிலையில் ஒருவர், குண்டு எவ்வழியே செல்லும் என்று முன்கூட்டியே சொல்லி அவ்வாறே செலுத்திக் காட்டி, இது திறமையே என்று மெய்ப்பித்த பின்னர்தான் தடை நீங்கியது. நம் நாட்டில் கருநாடக வழக்கொன்றில் 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வீடியோ விளையாட்டுக் கூடங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற ஒழுங்குமுறையை ஏற்றது. தில்லியிலும் அத்தகைய கூடங்கள் காவல்துறையின் உரிமத்துக்கு உட்பட்டிருந்தன.

தலைநகரின் பொது இடங்களுக்கு நேர்ந்த மாறுதல்களில் சில இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கவை. கன்னாட் பிளேசில் எழுத்தாளரும் அலுவலரும் மணிக்கணக்கில் அமர்ந்து பேசிய இந்தியன் காப்பி ஹவுஸ், நெருக்கடி நிலைக் காலத்தில் 1976இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் நிலத்துக்கடியில் அமைந்த பாலிகா பஜார், பின்னர் வீடியோ விளையாட்டுத் தட்டுகள் வாங்குவதற்குப் பேர் பெற்ற சந்தையாயிற்று. பலர் கூடியிருந்த இடத்தில், வீட்டுக்குக் கொண்டுபோய்த் தனித்து ஆடும் பொருள்கள் விற்பனையாயின. 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் சின்னமான யானைக்குட்டியின் பெயரால் 1984இல் பிரகதி மைதானத்தில் திறக்கப்பட்ட அப்பு கர், தில்லித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் ஞாயிற்றுக்கிழமைகளைத் தன்பால் ஈர்த்தது. அதுவும் 2008இல் மூடப்பட்டது.

பிறகு கைப்பேசி வந்தது. தொடுதிரைக் கைப்பேசி 2007இல் பரவத் தொடங்கியது; நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு செப்டம்பருக்குப் பின் இணையக் கட்டணம் பெரிதும் வீழ்ந்தபோது, அது எளியவர் கைக்கும் எட்டியது. ஜப்பானின் பெரிய நிறுவனமான சேகாவே தன் விளையாட்டுக்கூடத் தொழிலை 2020இல் பிறருக்கு விற்றுவிட்டது. பெருந்தொற்றுக் காலம் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியதே அன்றித் தோற்றுவிக்கவில்லை. கூடங்கள் தேய்ந்தன, ஆட்டமோ பெருகிற்று.

இப்பெருக்கத்தில் சூதும் கலந்து வந்ததே துயரம். தமிழ்நாட்டில் இணைய ரம்மியில் பொருளிழந்தவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் அடுத்தடுத்து வந்தபோது, அரசாங்கம் 2022ஆம் ஆண்டு ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. அதன் அறிக்கையைத் தொடர்ந்து அவ்வாண்டே சட்டம் இயற்றப்பட்டு, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றபோதிலும், ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்கள் என்று தடை செய்த பகுதியை விலக்கியது. 1967ஆம் ஆண்டின் கருத்து மீண்டும் தலைதூக்கிற்று. பின்னர் 2025 பிப்ரவரியில், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணிவரை பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் திறக்கலாகாது என்ற விதி வந்தது. அவ்வாண்டு ஜூனில் உயர் நீதிமன்றம் அதனைச் செல்லுமென்றது. ஜகனாராவின் சராயில் காவலன் செய்த வேலையைத்தான் இவ்விதி செய்ய முயன்றது. கதவில்லாத வீட்டுக்குச் சட்டத்தால் கதவு வைக்கப் பார்த்தார்கள்.

2025ஆம் ஆண்டு தில்லியில் நிகழ்ந்த இரண்டு செயல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நம் பொருள் இன்னும் தெளிவாகும். ஜூன் மாதத்தில் துணைநிலை ஆளுநரின் ஆணைப்படி 7 வகைத் தொழில்களுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பு காவல்துறையிடமிருந்து நீக்கப்பட்டு, நகராட்சி அமைப்புகள் முதலியவற்றுக்குச் சென்றது. விடுதிகள், உணவகங்கள், நீச்சல் குளங்கள், கேளிக்கைப் பூங்காக்கள் ஆகியவற்றோடு வீடியோ விளையாட்டுக் கூடங்களும் அப்பட்டியலில் இருந்தன. இனி அவற்றைக் காவலர் கண்காணித்து உரிமம் தரத் தேவையில்லை என்பது அதன் கருத்து. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டில், இதே நகரில் பாராளுமன்றம் இணைய விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் திறமையால் ஆனதாயினும் வாய்ப்பால் ஆனதாயினும் தடை செய்யப்படும் என்று அச்சட்டம் கூறிற்று. பணம் வைக்காத விளையாட்டையும் மின்விளையாட்டுப் போட்டிகளையும் ஊக்குவிப்பதாகவும் சொன்னது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் அஞ்சியது ஆட்டம் நடக்கும் மனையைக் கண்டு. அந்த மனை இப்போது அச்சத்துக்குரியதன்று என்று ஆகிவிட்டது. மனையே இல்லாத ஆட்டம் அச்சத்துக்குரியதாகிவிட்டது. விளையாட்டுக்கூடத்தில் ஆடியவனை யாரேனும் கண்டார்கள். கையிலிருந்த காசு தீர்ந்தால் எழுந்துதான் ஆக வேண்டும். இரவு ஆனதும் விளக்கை அணைத்தார்கள். தோற்ற முகத்தை அடுத்தவர் கவனித்து, தம்பி, இன்றைக்குப் போதும், எழுந்து வா என்று சொல்ல இடமிருந்தது. சராயென்று பெயர் கொண்ட பேட்டையில், வாடகை அறையில், நடுநிசியில் கைப்பேசி ஒளியில் மாதச் சம்பளத்தை இழக்கும் இளைஞனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவன் இழந்தது மறுநாள் அடுத்த அறைக்காரனுக்கும் தெரியாது. ஊரிலிருக்கும் தாய்க்கும் தெரியாது. தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

கைப்பேசி தீமையே வடிவானது என்று இதற்குப் பொருளன்று. தில்லியிலிருக்கும் அண்ணனும் திருநெல்வேலியிலிருக்கும் தங்கையும் இரவு உணவுக்குப் பின் ஓர் ஆட்டம் சதுரங்கம் ஆட முடிகிறதென்றால், அது இக்கருவி தந்த பேறு. எழும்ப முடியாத நோயாளிக்கும், வெளியே செல்ல இயலாத முதியவருக்கும் அது நல்ல துணை. சிறுவர்கள் உலகத்தின் தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் வீட்டிலிருந்தபடியே பயில்வதும் அதனால்தான். பழைய விளையாட்டுக்கூடங்கள் அனைத்தும் தூயவை என்றும் சொல்லமாட்டோம்; வள்ளுவர் கண்டித்த கழகத்தின் வாரிசுகளும் அவற்றுள் இருந்தன. நாம் கேட்பது, கைப்பேசி தரும் ஆட்டத்தால் நிரப்ப முடியாத இடம் ஏதேனும் உண்டா என்பதே.

அதற்கு விடை சதுரங்கத்திலேயே இருக்கிறது. கைப்பேசியில் மிக எளிதாக ஆடக்கூடிய ஆட்டம் அது. 2020இல் பெருந்தொற்று காரணமாக ஒலிம்பியாட் போட்டியை இணையத்தில் நடத்தினார்கள். இறுதியாட்டத்தில் இந்திய ஆட்டக்காரர் இருவரின் இணைப்பு அறுந்துபோக, இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டன. 2022இல் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடைபெற்றது. அதன் தீபவோட்டம் ஜூன் 19ஆம் நாள் புது தில்லியில் தொடங்கிற்று. 180க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள் கடற்கரையோரம் உள்ள ஒரு விடுதியின் கூடத்தில் நேருக்கு நேர் அமர்ந்து காய் நகர்த்தினார்கள். ஆனந்தும் கார்ல்சனும் 2013இல் உலகப் பட்டத்துக்கு மோதியது சென்னை விடுதியொன்றில். குகேஷ் 2024 டிசம்பரில் அப்பட்டத்தை வென்றது சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில், விடுதிகள் நிறைந்த உல்லாச வளாகத்தில். ஆட்டத்தின் உச்சம் என்று கருதப்படுவதற்கு இன்றும் ஒரு கூரையும் ஒரு மேசையும் எதிரே ஒரு முகமும் வேண்டியிருக்கின்றன.

கேரம் இதைவிட நமக்கு அணுக்கமானது. வெளிமாநிலங்களில் தமிழர் தங்கிய மெஸ்களிலும் மாணவர் விடுதிகளிலும் அது ஒரு மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். மாவு தூவி நால்வர் அமர்ந்தால் எட்டுப் பேர் சுற்றி நிற்பார்கள். முதல் உலகக் கேரம் போட்டி 1991இல் நம் தில்லியில் நடைபெற்றபோது பட்டத்தை வென்றவர் சென்னையைச் சேர்ந்த மரியா இருதயம். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 3 தங்கப் பதக்கங்களை வென்ற காசிமா, வடசென்னையைச் சேர்ந்த ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். இத்தகையோரைத் தந்தது பொதுவில் போட்ட பலகை. ஒருவன் அடிக்கும்போது மற்றவன் பார்த்துக் கற்றுக்கொள்வது அங்கே இயல்பாக நிகழும்.

ஆகவே, விடுதிகளின் விளையாட்டுக்கூடத்துக்கு இக்காலத்தில் மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு இவ்வாறு விடை கூறலாம். அங்குள்ள இயந்திரங்களுக்கு மதிப்புக் குறைந்துவிட்டது; கைப்பேசி அவற்றை வென்றுவிட்டது. கூடத்துக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. ஏனெனில் அது முன்பு எங்கும் கிடைத்த பொருள், இன்று கிடைத்தற்கரியதாகிவிட்டது. புதுப் பெட்டிகள் வாங்கிக் கைப்பேசியோடு போட்டியிடும் விடுதிக்காரர் தோற்பார். நல்ல விளக்கு, நாலு நாற்காலி, ஒரு கேரம் பலகை, ஒரு சதுரங்கப் பலகை, குழந்தைகளுக்குப் பல்லாங்குழி, பணம் வைத்து ஆடுவதில்லை என்ற கட்டுப்பாடு, இரவில் அடைக்கும் நேரம் இவற்றை வைத்திருப்பவரிடம், முன்பின் அறியாத இரு குடும்பங்கள் ஒரு மாலைப்பொழுதில் அறிமுகமாகிவிடும்.

விடுதிக்காரர் செய்யாவிட்டாலும் நாம் செய்யக்கூடியது உண்டு. வெளிமாநிலங்களில் நம்மவர் நடத்தும் சங்கங்களும் சபைகளும் கோயில் மண்டபங்களும், விழா நாட்களில் நிறைந்தும் பிற நாட்களில் பூட்டியும் இருப்பதைக் காண்கிறோம். வாரத்தில் இரு மாலைகளேனும் அவற்றின் ஓர் அறையைத் திறந்து வைத்து, வாடகை அறைகளில் தனித்திருக்கும் இளைஞர்களை ஆட அழைக்கலாம். பணி ஓய்வு பெற்றவர்களுக்கும் அங்கே வேலையுண்டு. அவர்கள் ஆட வேண்டும். இளைஞரை ஆடவிட வேண்டும். ஒருவன் இரண்டு வாரமாக வரவில்லையென்றால் ஏன் என்று கேட்க வேண்டும். பீஷ்மரும் துரோணரும் செய்யாமல் விட்டது அதுதான்.

பொதியிலில் ஆடிய முதியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதும் தெரியாது. ஊருக்குப் புதிதாய் வந்தவன் ஒருவன் அங்கே தூண் ஓரத்தில் மூட்டையை வைத்துவிட்டு, அவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். சிறிது நேரத்தில் யாரோ அவனை நோக்கி, எந்த ஊர் அப்பா என்று கேட்டிருப்பார்கள். தில்லியிலோ மும்பையிலோ புதிதாய் வந்து இறங்கும் நம் பிள்ளைகளிடம் அதைக் கேட்பதற்கு ஓர் இடம் வேண்டும்.